மாற்றுப் பற்களும் மலைப்பாதையும்

பற்கள் அனைத்தையும் இழந்த ஒருவருக்கு முறையான பல்செட் அமைய வேண்டுமானால், அவர் பல் மருத்துவரின் நாற்காலியில் ஏறக்குறைய ஐந்து முறை உட்கார வேண்டியிருக்கும். செட் கைக்கு வந்த பிறகும், ஈற்றில் உறுத்தும் இடங்களைத் தேய்த்துச் சரிசெய்துகொள்ள மேலும் இரண்டு மூன்று முறை போக நேரும். சமவெளியின் நகரங்களில் வாழ்வோருக்கு இது சிறிய அலைச்சல் மட்டுமே. பந்தலூர், சேரங்கோடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் வாழும் முதியவர்களுக்கோ, கூடலூரிலிருந்து உதகைக்குச் செல்லும் பாதையே சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதை என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரு பகல் முழுவதும் போய்விடுகிறது. துணைக்கு வரும் மகனோ மருமகளோ அன்றைய கூலியையும் இழக்கிறார்கள். ஆகையால் நீலகிரியில் எந்த வகைச் செட், என்ன விலை என்ற கேள்விகளுக்கு முன்பாகவே, எத்தனை முறை மலையேறி இறங்க முடியும் என்ற கேள்வி வந்து நிற்கிறது. இதைக் கணக்கில் கொள்ளாமல் செய்யப்படும் செட்டுகள்தான் பெரும்பாலும் அலமாரி டப்பாவில் உறங்குகின்றன.

இத்தனை முறை ஏன் போக வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள, பல் போன இடத்தில் நடப்பதை அறிந்திருப்பது அவசியம். தாடையெலும்பில் பல்லின் வேரைப் பிடித்து நிற்கும் மேட்டுப் பகுதிக்குப் பற்குழி எலும்பு என்று பெயர். உணவை மெல்லும்போது வேர் வழியாக இறங்கும் அழுத்தமே அந்த எலும்பு தேயாமல் நிற்பதற்குத் துணைசெய்கிறது. பல் எடுக்கப்பட்டதும் அந்த அழுத்தம் நின்றுபோவதால் எலும்பு கரையத் தொடங்குகிறது; முதல் ஓராண்டில் வேகமாகவும் அதன்பின் மெதுவாகவும் கரையும் அது, வாழ்நாள் முழுவதும் கரைந்துகொண்டே இருக்கிறது. முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து டால்கிரென் என்னும் ஆய்வாளர் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என்று காட்டியது. மேல் செட் ஓரளவு நிற்க, கீழ் செட் மட்டும் நாக்கின் ஒவ்வோர் அசைவுக்கும் எழுந்து மிதப்பதன் காரணம் இதுவே. இன்று அளவாகப் பொருந்தும் செட் ஐந்தாறு ஆண்டுகளில் தளர்ந்துபோனால், அதைச் செய்தவரின் குறை என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. செட் அப்படியே இருக்க, அதைத் தாங்கும் தாடை மாறிவிட்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் பற்கள் முழுவதையும் இழந்தவர்கள். ஆயினும் இது முதுமையின் இயற்கையான பகுதி அன்று. பெரும்பாலான பற்கள் சொத்தையாலும் ஈறுநோயாலும் விழுகின்றன. சர்க்கரை நோயும் புகையிலையும் அதை விரைவுபடுத்துகின்றன. பனியிலும் மழையிலும் கொழுந்து பறிக்கும் தொழிலில் வெற்றிலையும் புகையிலையும் பலருக்குப் பகல் முழுவதும் துணையாகிவிட்டன. இனிப்பு மிகுந்த தேநீரும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. இலங்கையின் தோட்டங்களிலிருந்து 1964-ஆம் ஆண்டின் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்த் திரும்பி வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் குடியேறிய குடும்பங்களில், அப்போது சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். பல்செட் தேவைப்படும் வயதில் அவர்கள் இருக்கிறார்கள்.

முழுச் செட் வாயில் நிற்பது பசையால் அன்று. செட்டின் உட்புறத்துக்கும் ஈற்றுக்கும் இடையே உமிழ்நீர் மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் போலவே செட்டும் ஒட்டிக்கொள்கிறது. விளிம்பு முழுவதும் காற்றுப் புகாமல் அடைபட்டிருந்தால்தான் இந்தப் பிடிப்பு நிலைக்கும். அண்ணத்தை முழுவதும் மூடும் மேல் செட்டுக்கு இடம் மிகுதி. நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே குதிரை லாட வடிவில் அமரும் கீழ் செட்டுக்கு இடம் மிகக் குறைவு. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைப்பதால், நன்றாகச் செய்த செட்டும் அவற்றை உட்கொள்வோருக்குத் தளர்ந்தே இருக்கும். எந்தெந்த மாத்திரைகளை உட்கொள்கிறோம் என்ற சீட்டை முதல் நாளே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது இதனால்தான்.

பல் போனால் சொல் போகும் என்று வழங்கும் பழமொழி உடலியல் உண்மை ஒன்றைச் சொல்கிறது. தமிழின் மிகப் பழைய இலக்கணம் அதை இன்னும் நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் உள்ள பிறப்பியல், அண்ணத்தை ஒட்டிய பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து ஒற்றும்போது தகரமும் நகரமும் பிறக்கின்றன என்றும், மேற்பல் இதழோடு பொருந்தும்போது வகரம் பிறக்கிறது என்றும் வகுக்கிறது. முன்பற்களை இழந்தவர் சொல்லும் ‘வா’, உதடுகள் இரண்டும் சேர்ந்து பிறக்கும் ‘பா’வை நோக்கிச் சாய்வதும், ‘தாத்தா’ குழைந்துபோவதும் இந்தக் காரணத்தால்தான். மாற்றுப் பல் வரிசை ஓரிரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ அமைந்தால் இந்த எழுத்துகள் மீண்டும் தம் இடத்தைத் தேடித் தடுமாறும். நாக்கை மேலே வளைத்து அண்ணத்தை வருடிச் சொல்லும் ழகரமும், வளைந்து தொட்டுச் சொல்லும் டகர ணகரங்களும் வேறு ஒரு சிக்கலுக்கு ஆளாகின்றன. சுமார் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள அக்ரிலிக் தகடு அண்ணத்தை மூடிவிடுவதால், நாக்கு தான் அறுபது ஆண்டுகளாகத் தொட்டுப் பழகிய மேடு பள்ளங்களைக் காணாமல் சில வாரங்கள் குழம்பும்.

நீலகிரியில் இந்தச் செய்திக்குக் கூடுதல் பொருள் உண்டு. இந்த மாவட்டத்தில் வழங்கும் மொழிகள் வாயின் உட்புறத்தை உலகின் மிகப் பல மொழிகளைவிட நுட்பமாகப் பயன்படுத்துபவை. படகர் மொழியில் உயிரெழுத்துகளையே நாவை வளைத்து, அதிலும் இரண்டு அளவில் வளைத்து, ஒலிக்கும் வழக்கம் இருந்ததை மொழியியல் அறிஞர் எமனோ 1939-இல் வெளியிட்ட கட்டுரை உலகுக்குக் காட்டியது. தோடர் மொழியோ உரசொலிகளும் உருளொலிகளும் நிறைந்தது. பல்லின் அருகிலும் அதற்குச் சற்றுப் பின்னும் இன்னும் உள்ளே தள்ளியும் பிறக்கும் ஒலிகளை அது தனித்தனியே பிரித்தறிகிறது. இத்தகைய மொழியைப் பேசும் முதியவருக்குத் தடித்த அண்ணத் தகடும் இடம் தப்பிய முன்பற்களும் எவ்வளவு இடையூறாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டும் வழிபாட்டுச் சொற்களும் எழுத்தில் இல்லாமல் முதியோரின் நாவில் வாழும் சமூகங்களில் பல்செட்டின் பொருத்தம் மருத்துவத்தின் எல்லையைக் கடந்த ஒன்றாகிவிடுகிறது.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறை அறிவுரை மிக எளியது. செட் முடிவாகச் செய்யப்படுவதற்கு முன், பற்களை மெழுகில் பதித்து வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு கட்டம் உண்டு. மெழுகில் பல்லை நகர்த்துவது எளிது, அக்ரிலிக்காக இறுகிய பின் அது பெரும் வேலை. பல் மருத்துவர்கள் தம் பாடநூல்களில் ஆங்கில ஒலிகளைச் சொல்லவைத்துச் சோதிக்கப் பயில்கிறார்கள். அணியப்போகிறவர் அந்த நேரத்தில் கண்ணாடியை மட்டும் பார்த்துத் தலையசைத்துவிடாமல், தம் வீட்டில் பேசும் மொழியில், பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் நாள்தோறும் புழங்கும் சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஐந்து பயணங்களில் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்றாலும், வீட்டாரில் ஒருவர் கட்டாயம் உடன் செல்ல வேண்டிய பயணம் எது என்றால் இந்த மெழுகுச் சோதனை நாளே. முகம் பழையபடி இருக்கிறதா என்பதை அணிபவரைவிட அவர்களே நன்கு அறிவார்கள்.

பல்செட்டின் வரலாறு நீண்டது. ஜப்பானில் 16-ஆம் நூற்றாண்டிலேயே மரத்தில் குடைந்த முழுச் செட் வழக்கில் இருந்தது. ஐரோப்பாவில் நீர்யானைத் தந்தத்தில் செதுக்கிய அடித்தகட்டில் இறந்தோரின் பற்களைப் பதித்ததும் உண்டு. குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்ற கந்தகமேற்றிய ரப்பரிலிருந்து, அடுத்த பத்தாண்டில் வல்கனைட் என்ற கடின ரப்பர்ச் செட் பிறந்து, செல்வந்தருக்கு மட்டும் கிட்டிய மாற்றுப் பல்லை நடுத்தர மக்களின் கைக்கும் கொண்டுவந்தது. 1937-ஐ ஒட்டி அக்ரிலிக் வந்தபின் அந்தக் கருஞ்சிவப்பு ரப்பர் மறைந்து, ஈற்றின் நிறத்திலேயே செட் செய்ய முடிந்தது. இன்றும் முழுச் செட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுவது அக்ரிலிக்தான்.

இனி, எதைத் தேர்வது என்பதைப் பார்க்கலாம். சில பற்களை மட்டும் இழந்தவருக்கு வழிகள் பல. இரு பக்கத்துப் பற்களையும் சீவி, அவற்றின் மேல் கேப் மாட்டி, நடுவில் இல்லாத பல்லைத் தொங்கவிடும் அமைப்பை மக்கள் ‘பிரிட்ஜ்’ என்கிறார்கள். கழற்ற வேண்டியதில்லை, ஆனால் நல்ல பற்களைச் சீவ வேண்டியிருக்கிறது. தாடையெலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் பல் பொருத்துவது ‘இம்ப்ளான்ட்’. பிடிப்பில் இயற்கைப் பல்லுக்கு மிக அருகில் வருவது இதுவே என்றாலும், செலவும் அறுவைச் சிகிச்சையும், எலும்போடு திருகு ஒன்றிக்கொள்ளச் சில மாதக் காத்திருப்பும் உண்டு. மீதமுள்ளது கழற்றி மாட்டும் பகுதிச் செட். அக்ரிலிக்கில் செய்து கம்பிக் கொக்கியால் பக்கத்துப் பற்களைப் பற்றும் செட் விலை குறைவானது, பழுதுபார்க்கவும் எளியது. ஆனால் ஈற்றின் மேலேயே முழுப் பாரத்தையும் ஏற்றுவதால் காலப்போக்கில் ஈற்றை அழுத்திக் கீழிறங்கும். கோபால்ட்–குரோமியம் கலந்த உலோகத்தில் வார்க்கும் செட் மெல்லியது, உறுதியானது. பாரத்தின் ஒரு பகுதியை இருக்கும் பற்களின் மேலேயே தாங்கவைப்பதால் ஈற்றுக்கு நல்லது.

நைலானில் செய்யும், ‘வளையும் செட்’ என்று விளம்பரம் பெற்றிருக்கும் வகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உலோகக் கம்பி வெளியே தெரிவதில்லை, கீழே விழுந்தால் எளிதில் உடைவதில்லை என்பவை அதன் மெய்யான நன்மைகள். ஆனால் அதை அக்ரிலிக்கைப் போலச் சாதாரணக் கிளினிக்கில் தேய்த்தோ உட்பூச்சுக் கொடுத்தோ சரிசெய்வது கடினம். மேலும் ஒரு பல் விழுந்தால் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்ப நேர்கிறது. ஆய்வுக்கூடம் மலைக்குக் கீழே இருக்கும்போது இந்தக் குறை இரட்டிப்பாகிறது. தொலைவில் வாழ்பவருக்கு, அருகிலுள்ள ஊரிலேயே பழுதுபார்க்க முடிகிற எளிய செட்டே, மலைக்குக் கீழே மட்டும் சரிசெய்ய முடிகிற உயர்ந்த செட்டைவிடப் பயன் தரும் என்பதில் ஐயமில்லை.

பற்கள் அனைத்தையும் இழந்தவரின் கீழ் செட்டுக்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட்களைப் பதித்து, சட்டையின் டிச் பட்டனைப் போல அவற்றின் மேல் செட்டை அழுத்தி மாட்டிக்கொள்ளலாம். இரவில் கழற்றவும் செய்யலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதல் தெரிவாக இருக்க வேண்டியது இதுவே என்று அறிவித்தார்கள். நம் நாட்டில் செலவே தடையாக நிற்கிறது. இருந்தாலும், கீழ் செட் நிற்கவே இல்லை என்று மூன்று நான்கு செட்டுகளை அடுத்தடுத்துச் செய்துகொள்வோர், அந்தச் செலவுகளையெல்லாம் கூட்டி ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இருக்கும் ஒன்றிரண்டு பற்களையும் எடுத்துவிட்டு முழுச் செட்டாகப் போட்டுவிடலாம் என்று அவசரப்படுவோர் பலர். உறுதியாக நிற்கும் ஒற்றைக் கோரைப்பல்கூட எலும்பைக் காக்கிறது, செட்டைப் பற்றி நிறுத்துகிறது. கடிக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வையும் தருகிறது. முழுச் செட் அணிந்தவரின் கடிக்கும் வலிமை இயற்கைப் பல் உள்ளவருடையதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றச் சொல்லும் மருத்துவர் வேலையை இழுத்தடிக்கிறார் என்று எண்ணுவது தவறு.

செட் செய்யும் முறையையும் சற்று அறிந்திருந்தால், ஒவ்வொரு பயணமும் எதற்கு என்பது விளங்கும். பல் எடுத்த புண் ஆறி எலும்பு ஓரளவு அடங்க, பொதுவாக ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை காத்திருக்கிறார்கள். அதுவரை வெறும் வாயோடு இருக்க முடியாதவருக்கு உடனடிச் செட் செய்யலாம், ஆனால் அது சில மாதங்களில் தளர்ந்துவிடும் என்பதை அறிந்தே செய்ய வேண்டும். முதல் நாள் மாவு போன்ற குழைவான பொருளால் தாடையை அச்செடுக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஆல்ஜினேட், கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. அந்த அச்சைக் கொண்டு அந்த வாய்க்கென்றே ஒரு தட்டு செய்து, இரண்டாம் முறை நுட்பமான அச்சு எடுக்கிறார்கள். அதற்கான கலவைகளில் ஒன்று துத்தநாக ஆக்சைடும் கிராம்பு எண்ணெயின் சாறான யூஜெனாலும் சேர்ந்தது. குன்னூருக்குக் கீழே பர்லியாறு தோட்டக்கலைப் பண்ணையில் விளையும் அதே கிராம்பின் மணத்தை அன்று வாயில் உணரலாம். மூன்றாம் முறை மெழுகுக் கட்டைகளை வைத்து மேல், கீழ்த் தாடைகளின் இடைவெளியையும் கடிக்கும் நிலையையும் அளக்கிறார்கள். இந்த அளவு மிகுந்தால் வாய் எப்போதும் திறந்தாற்போல் இருக்கும், பற்கள் தட்டிக்கொண்டே இருக்கும். குறைந்தால் மூக்கும் முகவாயும் நெருங்கி முகம் சுருங்கும். நான்காவது மெழுகுச் சோதனை, ஐந்தாவது செட்டைப் பொருத்தும் நாள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை நெடுநாள் மென்றவர்களுக்கு முதல் அச்சே சிக்கலாவதுண்டு. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்த்தன்மை அடைந்து விறைத்துப்போவதால் வாய் முழுமையாகத் திறப்பதில்லை. அச்செடுக்கும் தட்டே உள்ளே நுழையாது. இது புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள நிலை என்பதால், பல்செட்டுக்காகப் போகும் அந்த முதல் பயணம் வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கும் உரியதாகிறது. வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் செட் வேலையை நிறுத்திவைத்து அதைப் பார்ப்பதே முறை.

ஐந்து பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் பதிவில்லாதவர்கள் சந்தைப் பகுதிகளிலும் கடைத்தெருக்களிலும் அவ்வப்போது தென்படுவதற்கு, இந்தத் தொலைவும் அலைச்சலுமே இடமளிக்கின்றன. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பதிவுபெற்ற பல் மருத்துவரே நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்று வரையறுத்து, செட் செய்து தரும் தொழில்நுட்பரைத் தனி வகையாக வைத்தது. பதிவில்லாதவர் செய்வது பெரும்பாலும் இதுதான்: தானே இறுகும் அக்ரிலிக் கலவையை வாயிலேயே குழைத்து, செயற்கைப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு ஒட்டவைத்துவிடுகிறார். கழற்ற முடியாத அந்தக் கட்டியின் அடியில் உணவு தங்கி அழுகுகிறது. இறுகாமல் எஞ்சிய இரசாயனம் ஈற்றைப் பொசுக்குகிறது. ஓரிரு ஆண்டுகளில் நல்லபடியாக நின்ற பக்கத்துப் பற்களும் ஆடத் தொடங்குகின்றன. ஒரு பல்லுக்காகப் போனவர் மூன்று பற்களை இழக்கிறார். ஏமாந்தவரைக் குறை சொல்வதைவிட, முறையான சிகிச்சையை அவருடைய ஊருக்கு அருகில் கொண்டுவராததைக் குறை சொல்வதே நியாயம்.

புதிய செட்டோடு முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும். வாயில் வந்த அயற்பொருளை உணவென்று எண்ணி உமிழ்நீர் பெருகும், சொல் குழறும், எங்கேயாவது உறுத்தும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற சொல்லை நம்பி முதல் நாளே முறுக்கைக் கடிக்கக் கூடாது. நீலகிரியின் அன்றாட உணவு இதற்கு உதவியாகவே இருக்கிறது: ராகிக் களி, குழைய வெந்த அவரைக் குழம்பு, உருளைக்கிழங்கு, மோர்ச்சோறு ஆகியவை புதிய செட்டுக்கு ஏற்றவை. இருபக்கமும் சமமாக வைத்து மெல்லப் பழகினால் செட் ஒருபுறம் எழாது. பச்சைக் காரட்டையும் பேரிக்காயையும் முன்பற்களால் கடித்து இழுப்பது செட்டைப் பின்புறம் தூக்கிவிடும் என்பதால், நறுக்கிக் கடைவாயில் வைத்து மெல்ல வேண்டும். உதகையின் வர்க்கியைத் தேநீரில் நனைத்து உண்பது இங்கே ஏற்கெனவே உள்ள வழக்கம்தான்.

தேநீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. அக்ரிலிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அண்ணத்தை அது மூடியிருப்பதால், கொதிக்கும் தேநீரின் சூடு வாயில் தெரியாமல் தொண்டைக்குள் இறங்கிய பிறகே சுடும். குளிர் மிகுந்த ஊரில் ஆவி பறக்கக் குடித்துப் பழகியவர்கள், முதல் மடக்கை உதட்டில் வைத்துச் சூடு பார்த்துக் குடிக்கப் பழக வேண்டும். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின் செட்டில் பழுப்புக் கறையாகப் படிவதும் இங்கே மிகுதி. குடித்தவுடன் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் கறை குறையும்.

உறுத்தினால் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு, வலி ஆறிய பிறகு அந்த டப்பாவோடு மருத்துவரிடம் போவது பலரிடம் காணும் பழக்கம். புண் ஆறிவிட்டால் செட் எங்கே அழுத்துகிறது என்பதற்கு வாயில் எந்த அடையாளமும் இருக்காது. வந்த பயணம் வீணாகும். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தைய ஒரு நாளாவது அணிந்திருந்தால், சிவந்த இடத்தைக் கண்டு அதற்கு நேரான இடத்தை மட்டும் தேய்த்துத் தருவார்கள். வீட்டிலேயே அரத்தாலோ பிளேடாலோ சுரண்டுவது விளிம்பின் அடைப்பைக் கெடுத்து, செட்டையே பயனற்றதாக்கிவிடும். மலைப்பாதையின் வளைவுகளில் வயிறு புரட்டும் இயல்புள்ளவர்கள், பேருந்தில் ஏறியதும் செட்டைக் கழற்றி மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது. வாந்தியோடு சன்னல் வழியே போன செட் திரும்பக் கிடைப்பதில்லை.

செட்டைத் தூய்மை செய்வதில் நீலகிரிக்கென்றே ஒரு தவறு உண்டு, அது வெந்நீர். விடியற்காலையில் முகம் கழுவவே அடுப்பில் வெந்நீர் வைக்கும் ஊர்களில், கிருமி சாகட்டும் என்று அதே நீரைச் செட்டின் மேலும் ஊற்றிவிடுகிறார்கள். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. ஆயினும் செட்டின் வடிவம் குலைய அவ்வளவு சூடே தேவையில்லை. வார்க்கும்போது அக்ரிலிக்கினுள் அடங்கிய இறுக்கங்கள் சூடு பட்டதும் தளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் அது கோணிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் செட் பழையபடி ஒட்டாது. கை தாங்கும் வெதுவெதுப்புக்கு மேல் சூடு கூடாது. மென்மையான பிரஷ்ஷும் சிறிது குளியல் சோப்போ பாத்திரம் கழுவும் திரவமோ போதும். பற்பசையில் உள்ள நுண்துகள்களும், சாம்பல், கரித்தூள், பற்பொடி ஆகியவையும் அக்ரிலிக்கில் கீறல்களை உண்டாக்கி, அந்தக் கீறல்களிலேயே கறையும் பூஞ்சையும் குடியேற வழி செய்கின்றன. குளிரில் விறைத்த விரல்களிலிருந்து செட் நழுவுவது எளிது; கீழே தண்ணீர் நிரம்பிய வாளியையோ மடித்த துண்டையோ வைத்துக்கொண்டு கழுவினால் விழுந்தாலும் உடையாது.

இரவில் செட்டைக் கழற்ற வேண்டும் என்பதைப் பலரும் வெறும் ஆலோசனையாகக் கொள்கிறார்கள். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டோடு உறங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. செட்டில் படியும் கிருமிகள் உறக்கத்தில் உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் இறங்குவதே காரணமாகக் கருதப்படுகிறது. குளிரும் ஈரமும் நிறைந்த மலையில், மார்புச் சளிக்கு ஆளாகும் முதியோருக்கு இது மேலும் பொருந்தும். இடைவிடாமல் மூடப்பட்ட அண்ணம் பூஞ்சையால் சிவந்துபோவதும் உண்டு. பெரும்பாலும் வலி இல்லாததால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கடைவாய் ஓரங்களில் வெடிப்பு ஏற்பட்டால் அதுவும் ஓர் அறிகுறியே. அப்போது வாய்க்கு மருந்து போட்டால் மட்டும் போதாது, செட்டையும் சேர்த்தே தூய்மை செய்ய வேண்டும். கழற்றிய செட்டைத் தண்ணீரில் மூழ்கவைக்க வேண்டும். உலர்ந்தால் அதன் அளவு மாறும். உலோகம் கலந்த செட்டை பிளீச்சிங் கரைசலில் வைத்தால் உலோகம் அரித்துப்போகும்.

தளர்ந்த செட்டுக்குக் கடைகளில் விற்கும் ஒட்டுப்பசையைத் தேடுவோர், அதில் துத்தநாகம் இல்லை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறி நெடுநாள் பயன்படுத்துவது உடலில் செம்பைக் குறைத்து நரம்புகளைப் பாதிக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது. பசையைத் தேடும் நிலை வந்தால், செட்டின் உட்புறத்துக்குப் புதிய பூச்சுக் கொடுக்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்வதே சரி. ‘ரீலைன்’ எனப்படும் இந்த வேலைக்குப் புதுச் செட்டின் செலவு ஆகாது.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூடலூர், பந்தலூர் வட்டங்கள் கேரளத்தையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் சமூக நீதித் துறை, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயதைக் கடந்தோருக்கு ‘மந்தஹாசம்’ என்ற பெயரில் பல்செட் வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. கர்நாடகம் 2014-இல் ‘தந்த பாக்யா’ என்ற பெயரில் இதே நோக்கில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதியோரின் உணவும் பேச்சும் அரசின் பொறுப்புக்குள் வரும் என்பதை அண்டை மாநிலங்கள் இரண்டும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கடமையாக்கியது. ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியின் வழக்கமான வேலைகளில் மாற்றுப் பல் இடம்பெறுவதில்லை. நீலகிரியில் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செட் செய்து தரும் கல்லூரிகளுக்குக் கோயம்புத்தூருக்கே இறங்க வேண்டியிருக்கிறது. உதகையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கும் நிலையில், அச்செடுப்பது முதல் மெழுகுச் சோதனை வரையிலான வேலைகளைக் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் போன்ற ஊர்களுக்கே நடமாடும் ஊர்தியில் கொண்டுசெல்வது இயலாத காரியம் அன்று. எடுத்த அச்சுகளும் அளவுகளும் ஆய்வுக்கூடத்துக்கு இறங்கி ஏறலாம். எழுபது வயதுக்காரர் ஏன் இறங்கி ஏற வேண்டும்?

செட் உடைந்துபோனால் கடையில் விற்கும் உடனடிப் பசையால் ஒட்டக் கூடாது. அந்தப் பசை வாய்க்கு ஏற்றதன்று, துண்டுகளும் நேராகச் சேர்வதில்லை, பின்னர் ஆய்வுக்கூடத்திலும் சரியாகப் பொருத்த முடியாமல் போகும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துச் சென்றால் அக்ரிலிக் செட்டைப் பெரும்பாலும் ஒரே நாளில் இணைத்துத் தருவார்கள். ஆனால் மண்சரிவால் பாதை அடைபடும் மழைக்காலத்தில் அந்த ஒரு நாள் ஒரு வாரமாகலாம். புதுச் செட் வந்ததும் பழையதைத் தூக்கி எறியாமல், மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி, வாரம் ஒருமுறை அந்த நீரை மாற்றி வைத்திருக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், புதியது மலையிறங்கிப் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பும் வரை களியையும் சோற்றையும் மெல்ல அந்தப் பழைய செட் போதுமானதாக இருக்கிறது.